சுஹைல் இப்னு அம்ரும் நபிகளின் பொறுமையும்

சுஹைல் இப்னு அம்ர் மக்கா நகரத்துக் குறைஷிக் குலத் தலைவர்களுள் ஒருவர். குறைஷியரின் பேச்சாளர் எனப் பெயர் பெற்றவர். முகம்மது நபி மக்காவில் இஸ்லாத்தை எடுத்துரைக்கத் தொடங்கிய காலம் முதல் 630-ஆம் ஆண்டு மக்கா வெற்றி வரை, ஏறத்தாழ இருபது ஆண்டுகள், நாவினாலும் வாளினாலும் அவரை எதிர்த்து நின்றார்.

இஸ்லாமிய வரலாற்றில் மத அவமதிப்புக்குப் பொறுமையாலும் மன்னிப்பாலும் பதில் அளிக்கப்பட்ட நிகழ்வுகள் பல உண்டு. அவற்றுள் சுஹைலின் வரலாறு தனித்தன்மை உடையது. வலுவில்லாதவர் அவமதிப்பைப் பொறுத்துக்கொள்வதை, அவருக்கு வேறு வழி இல்லை என்று சொல்லிவிடலாம். ஆனால் நபிகள் சுஹைலை ஒரே நிலையில் மட்டும் எதிர்கொள்ளவில்லை. அடைக்கலம் தேடியவராகவும், போரில் வென்றவராகவும், உடன்படிக்கை மேசையில் எதிர்த்தரப்பாகவும், நகரை முழுவதும் கைக்கொண்டவராகவும் நான்கு நிலைகளில் எதிர்கொண்டார். அதனால் இந்த ஒரு மனிதரின் வாழ்க்கையைத் தொடர்ந்து சென்றாலே அந்தப் பொறுமையின் இயல்பை அறிய முடிகிறது.

குலமும் குடும்பமும்

சுஹைல் குறைஷிக் குலத்தின் ஒரு கிளையான பனூ ஆமிர் இப்னு லுஅய் பிரிவைச் சேர்ந்தவர். செல்வரும் செல்வாக்கு மிக்கவருமாக இருந்தார். புதிய சமயம் அவருடைய வீட்டுக்குள்ளேயே முதலில் நுழைந்தது. அவருடைய சகோதரர்கள் ஸக்ரான், ஸலீத், ஹாத்திப் ஆகியோர் தொடக்கக் காலத்திலேயே இஸ்லாத்தை ஏற்றனர். மகள் சஹ்லாவும் தம் கணவருடன் இஸ்லாத்தைத் தழுவி, துன்புறுத்தலுக்கு அஞ்சி அபிசீனியாவுக்குக் குடிபெயர்ந்தார். மகன் அப்துல்லாஹ்வும் அபிசீனியா சென்றார். அவர் மக்கா திரும்பியபோது தந்தை அவரைப் பிடித்து வீட்டில் அடைத்து வைத்தார். மற்றொரு மகன் அபூ ஜந்தல் இஸ்லாத்தை ஏற்றபோது அவருக்கும் விலங்கு பூட்டப்பட்டது.

சுஹைலின் எதிர்ப்பில் இந்தக் குடும்பப் பிளவுக்கும் பங்கு இருந்திருக்க வேண்டும். முன்னோர் வணங்கிய தெய்வங்களை மறுக்கும் ஒரு கொள்கை தம் சகோதரர்களையும் பிள்ளைகளையும் தம்மிடமிருந்து பிரித்துவிட்டது என்றே ஒரு குலத்தலைவர் அன்று எண்ணியிருப்பார்.

அக்கால அரேபியாவில் எழுதப் படிக்கத் தெரிந்தோர் மிகச் சிலரே. கவிஞரும் பேச்சாளருமே ஒரு குலத்தின் புகழைப் பரப்புபவர்கள். பகைவரின் மானத்தைக் குலைப்பவர்களும் அவர்களே. சந்தையில் சொல்லப்பட்ட ஒரு வசைப்பாட்டு வணிகக் கூட்டங்களுடன் ஊர் ஊராகப் பயணம் செய்யும். ஆகவே சுஹைலைப் போன்ற ஒரு பேச்சாளரின் நாவு படைக்கருவியாகவே கருதப்பட்டது.

மக்காவில் ஏளனம்

610 முதல் 622 வரையிலான மக்கா காலத்தில் நபிகள் எதிர்கொண்ட வசைகளைக் குர்ஆனே பதிவு செய்கிறது. பித்தர், சூனியக்காரர், கவிஞர், பிறர் கற்பித்ததைத் திருப்பிச் சொல்பவர் என்றெல்லாம் அவர் அழைக்கப்பட்டார். கஅபாவின் அருகே தொழுதுகொண்டிருந்தபோது ஒட்டகத்தின் குடல் அவர் முதுகில் போடப்பட்டது. மகள் ஃபாத்திமா ஓடிவந்து அதை அகற்றினார்.

அந்தக் காலத்தைச் சேர்ந்தவை எனக் கருதப்படும் குர்ஆன் வசனங்கள் பதில் நடத்தையை வகுத்துக் கூறுகின்றன. தீமையை அதைவிடச் சிறந்ததைக் கொண்டு தடுக்கவேண்டும், அப்போது பகைவரும் நெருங்கிய நண்பர் போல் ஆகக்கூடும் என்பது 41-ஆம் அத்தியாயத்தின் 34-ஆம் வசனத்தின் கருத்து. பிறர் வணங்குபவற்றை முஸ்லிம்கள் ஏசக்கூடாது என்று 6-ஆம் அத்தியாயத்தின் 108-ஆம் வசனம் தடுக்கிறது. வசைக்கு வசை என்ற சங்கிலியைத் தம் பக்கத்திலிருந்து அறுத்துவிடும் கட்டளை அது.

தாயிஃபும் மறுக்கப்பட்ட அடைக்கலமும்

619-ஆம் ஆண்டளவில் நபிகளின் மனைவி கதீஜாவும், அவருக்குக் காப்பாக நின்ற பெரிய தந்தை அபூ தாலிபும் அடுத்தடுத்து இறந்தனர். மக்காவில் ஆதரவு அற்றுப்போன நிலையில் நபிகள் தென்கிழக்கே மலைமேல் உள்ள தாயிஃப் நகருக்குச் சென்று ஸகீஃப் குலத் தலைவர்களான மூன்று சகோதரர்களைச் சந்தித்தார். அவர்கள் அவரை ஏளனம் செய்தனர். தூதராக அனுப்ப இறைவனுக்கு வேறு ஆள் கிடைக்கவில்லையா என்று ஒருவர் கேட்டார். பின்னர் ஊரின் சிறுவர்களும் அடிமைகளும் அவரைக் கூச்சலிட்டு விரட்டிக் கல்லெறிந்தனர். உடன் சென்ற ஸைத் இப்னு ஹாரிஸாவும் காயமடைந்தார். ஒரு திராட்சைத் தோட்டத்தில் அவர்கள் ஒதுங்கியபோது, அத்தாஸ் என்னும் கிறித்தவ அடிமை ஒரு தட்டில் திராட்சைக் குலையைக் கொண்டுவந்து கொடுத்தார்.

அந்த நகரத்தார் அழிவதை நபிகள் விரும்பவில்லை என்றும், அவர்களுடைய வழித்தோன்றல்களேனும் ஒரே இறைவனை வணங்கக்கூடும் என்று நம்பினார் என்றும் புகாரி, முஸ்லிம் ஆகிய இரு ஹதீஸ் தொகுப்புகளிலும் உள்ள செய்தி கூறுகிறது.

மக்கா திரும்புவதும் எளிதாக இருக்கவில்லை. அக்கால வழக்கப்படி ஒரு தலைவரின் அடைக்கல வாக்கு இல்லாமல் நகருக்குள் நுழைவது உயிருக்கு ஆபத்து. நபிகள் முதலில் அக்னஸ் இப்னு ஷரீக் என்பவரிடமும், அடுத்து சுஹைலிடமும் ஆள் அனுப்பிக் கேட்டார். தம் கிளையினர் மற்றக் கிளையினருக்கு எதிராக அடைக்கலம் தருவதில்லை என்று காரணம் காட்டி சுஹைல் மறுத்துவிட்டார். இறுதியில் முத்இம் இப்னு அதீ தம் மக்களை ஆயுதத்துடன் நிறுத்தி அவரை நகருக்குள் அழைத்துக்கொண்டார். கதவடைத்த சுஹைலே பின்னாளில் நபிகளிடம் அடைக்கலம் கேட்டு ஆள் அனுப்ப நேர்ந்தது.

பத்ர்: பிடுங்கப்படாத பற்கள்

622-இல் நபிகள் மதீனாவுக்குக் குடிபெயர்ந்தார். 624-ஆம் ஆண்டு மார்ச் மாதம் பத்ர் என்னும் இடத்தில் முந்நூற்றுச் சொச்சம் முஸ்லிம்கள் ஏறத்தாழ 1,000 பேர் கொண்ட மக்கா படையை வென்றனர். மக்கா படையுடன் வந்திருந்த சுஹைலின் மகன் அப்துல்லாஹ் போருக்கு முன்பே முஸ்லிம்கள் பக்கம் சேர்ந்துகொண்டார். சுஹைல் சிறைப்பட்டார்.

மதீனாவில் சுஹைலின் கைகள் கழுத்தோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்ததை அவருடைய சகோதரர் ஸக்ரானின் முன்னாள் மனைவியும், அப்போது நபிகளின் மனைவியுமான ஸவ்தா பார்த்தார். ஒரு பெருந்தலைவர் இப்படிக் கட்டுண்டிருப்பதைக் காணப் பொறுக்காமல், இதைவிட மானத்தோடு மடிந்திருக்கலாமே என்று சொல்லிவிட்டார். நபிகள் அவரைக் கண்டித்தாலும் அந்தச் சொல்லை மன்னித்தார்.

சுஹைலின் முன்பற்களைப் பிடுங்கிவிட அனுமதி வேண்டும் என்று உமர் நபிகளிடம் கேட்டதாக இப்னு இஸ்ஹாக்கின் வரலாறு குறிப்பிடுகிறது. பற்கள் இல்லாவிட்டால் சொற்கள் குழறும், இனி எந்த ஊரிலும் நபிகளுக்கு எதிராக எழுந்து பேச முடியாது என்பது உமரின் வாதம். அது உயிரைப் பறிக்கும் கோரிக்கை அன்று. வசை பேசிய வாயை மட்டும் செயலிழக்கச் செய்யும் கோரிக்கை. அக்காலப் போர் வழக்கில் இது வியப்புக்குரியதும் அன்று.

நபிகள் மறுத்தார். உடலைச் சிதைக்கும் தண்டனையைத் தாம் செய்தால், தாம் நபியாக இருப்பினும் இறைவன் தம்மையும் அவ்வாறே செய்யக்கூடும் என்றார். என்றேனும் ஒருநாள் இதே மனிதர் உமரும் குறைகூற முடியாத ஓர் இடத்தில் நிற்கக்கூடும் என்றும் சொன்னார். பின்னர் மிக்ரஸ் இப்னு ஹஃப்ஸ் என்பவர் பிணையாகத் தங்க, சுஹைல் மீட்புப் பணம் அனுப்புவதற்காக விடுவிக்கப்பட்டு மக்கா சென்றார்.

ஹுதைபிய்யா: அழிக்கப்பட்ட சொற்கள்

628-ஆம் ஆண்டு நபிகள் ஏறத்தாழ 1,400 பேருடன் உம்ரா வழிபாட்டுக்காக மக்கா நோக்கிப் புறப்பட்டார். குறைஷியர் வழிமறித்ததால் நகருக்கு வெளியே ஹுதைபிய்யாவில் தங்க நேர்ந்தது. உடன்படிக்கை பேசக் குறைஷியர் அனுப்பியவர் சுஹைல். அவர் வருவதைக் கண்ட நபிகள், காரியம் எளிதாகிவிட்டது என்றார். சுஹைல் என்னும் பெயருக்கும் எளிமை என்னும் பொருளுடைய அரபுச் சொல்லுக்கும் வேர் ஒன்றே.

உடன்படிக்கையை எழுதியவர் அலீ. அளவற்ற அருளாளன் என்னும் பொருள்படும் ரஹ்மான் என்ற பெயருடன் தொடக்க வரி எழுதப்பட்டபோது, ரஹ்மான் யாரென்று தமக்குத் தெரியாது என்று சுஹைல் தடுத்தார். பழைய மக்கா வழக்கின்படி எழுதச் சொன்னார். நபிகள் ஒப்புக்கொண்டார். அடுத்து இறைத்தூதர் முகம்மது என்று எழுதப்பட்டது. அவரை இறைத்தூதர் என்று ஏற்றிருந்தால் கஅபாவுக்கு வரவிடாமல் தடுத்திருக்கவே மாட்டோம், தந்தையின் பெயரோடு எழுதுங்கள் என்றார் சுஹைல்.

இறைவனின் பெயரும் தூதரின் பெயரும் தம் கண்முன்னே மறுக்கப்படுவதைத் தோழர்களால் தாங்க முடியவில்லை. அச்சொல்லை அழிக்க அலீ மறுத்துவிட்டார். அது எழுதப்பட்டிருந்த இடத்தைக் காட்டச் சொல்லி நபிகள் தாமே அழித்தார். பின்னர் அப்துல்லாஹ்வின் மகன் முகம்மது என்று எழுதப்பட்டது. நபிகளைப் பொறுத்தவரை ஏட்டில் எழுதப்படாததால் தூதுத்துவம் குறைந்துவிடவில்லை. எதிர்த்தரப்பு நம்பாத ஒன்றில் அதன் கையொப்பத்தைக் கட்டாயப்படுத்திப் பெறவும் அவர் முயலவில்லை.

அந்த ஆண்டு திரும்பிச் செல்வது, அடுத்த ஆண்டு மூன்று நாள் வந்து தங்குவது, 10 ஆண்டுகளுக்குப் போர் நிறுத்தம் ஆகியவை முக்கிய விதிகள். காப்பாளரின் அனுமதியின்றி மக்காவிலிருந்து வருபவரைத் திருப்பி அனுப்பவேண்டும் என்பது மற்றொரு விதி. பேச்சு முடிவதற்குள்ளேயே சுஹைலின் மகன் அபூ ஜந்தல் விலங்குகளை இழுத்துக்கொண்டு முஸ்லிம்களிடம் வந்து விழுந்தார். சுஹைல் அவரைத் திருப்பித் தரும்படி பிடிவாதமாக நின்றார். நபிகள் வேண்டிக் கேட்டும் இணங்கவில்லை. வாக்கை மீற முடியாது என்பதால் அபூ ஜந்தல் திருப்பி அனுப்பப்பட்டார். அந்த நாளின் மிகக் கொடிய விலையைக் கொடுத்தவர் அவரே. உண்மையில் நாம் சத்தியத்தில் இல்லையா என்று உமர் நபிகளிடமும் பிறகு அபூபக்ரிடமும் மனம் குமுறிக் கேட்டார்.

ஆனால் போர் நின்றதால் இரு தரப்பு மக்களும் அச்சமின்றிச் சந்தித்துப் பேச முடிந்தது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் இஸ்லாத்தை ஏற்றவர்கள் அதற்கு முன் ஏற்ற அனைவருக்கும் சமமாகவோ கூடுதலாகவோ இருந்தனர் என்று முற்கால வரலாற்றாசிரியர் ஸுஹ்ரீ மதிப்பிட்டார். ஹுதைபிய்யாவில் 1,400 பேர்; இரண்டு ஆண்டுகள் கழித்து மக்காவுக்குச் சென்ற படையில் 10,000 பேர்.

மக்கா வெற்றி

குறைஷியரின் கூட்டாளிகள் உடன்படிக்கையை மீறியதைத் தொடர்ந்து 630 ஜனவரியில் நபிகள் மக்காவுக்குள் நுழைந்தார். பெரும்பாலும் எதிர்ப்பு இருக்கவில்லை. எதிர்த்து ஆள் திரட்டிய சிலருள் சுஹைலும் ஒருவர். அந்த முயற்சி முறியடிக்கப்பட்டதும் சுஹைல் தம் வீட்டுக் கதவைத் தாழிட்டுக்கொண்டார். தாம் முன்பு அடைத்து வைத்த மகன் அப்துல்லாஹ்வையே அழைத்துத் தமக்காக நபிகளிடம் அடைக்கலம் கேட்கச் சொன்னார்.

நபிகள் உடனே அடைக்கலம் அளித்தார். சுஹைலைச் சந்திப்பவர் எவரும் அவரை முறைத்துப் பார்க்கக்கூடாது என்று தோழர்களுக்குச் சொன்னார் என்றும், அறிவும் மதிப்பும் உடைய மனிதர் அவர் என்று புகழ்ந்தார் என்றும் வரலாற்றாசிரியர் வாகிதீ எழுதுகிறார். தோற்றவரின் உயிரைக் காப்பது ஒன்று. அவர் தெருவில் தலைகுனியாமல் நடக்க வழிசெய்வது வேறொன்று. இரண்டாவதையும் நபிகள் கவனித்தார்.

நகர மக்களுக்குப் பொது மன்னிப்பு வழங்கப்பட்டது. சுஹைல் உடனே மதம் மாறவில்லை. மாறும்படி வற்புறுத்தப்படவும் இல்லை. ஹுனைன் போருக்குப் பின் ஜிஃரானா என்னும் இடத்தில் அவருக்கு 100 ஒட்டகங்கள் அன்பளிப்பாகத் தரப்பட்டன. அவர் இஸ்லாத்தை ஏற்றது அந்தக் கட்டத்தில்தான். நேற்றுவரை பகைவராய் இருந்தவர்களுக்கு இவ்வளவு வழங்கப்பட்டதில் மதீனாவின் அன்சாரிகளுக்கு வருத்தம் உண்டானது. நபிகள் அவர்களைக் கூட்டி ஆறுதல் சொல்ல நேர்ந்தது. பகைவரிடம் காட்டும் கருணை சில வேளை சொந்தத் தோழர்களின் மனத்தாங்கலையும் தேடித் தருகிறது.

பாங்கைக் கேலி செய்தவர்கள்

அதே ஆண்டில் நிகழ்ந்த வேறு இரண்டு நிகழ்வுகளும் இதே போக்கைக் காட்டுகின்றன. மக்கா வெற்றியின்போது முன்னாள் அடிமையான பிலால் பாங்கு சொன்னார். அந்த ஓசையைக் கேட்காமலே இறந்துபோன தம் தந்தை பேறு பெற்றவர் என்று அத்தாப் இப்னு அஸீத் என்னும் இளைஞர் இகழ்ந்து பேசினார். அது நபிகளின் செவிக்கு எட்டியது. அத்தாப் தண்டிக்கப்படவில்லை. சில வாரங்களுக்குள் அவரே மக்காவின் ஆளுநராக நியமிக்கப்பட்டார்.

ஹுனைனிலிருந்து திரும்பும் வழியில் அபூ மஹ்தூரா என்ற இளைஞர் நண்பர்களுடன் சேர்ந்து பாங்கைக் கேலியாகத் திரும்பச் சொன்னார். நபிகள் அவரை அழைத்தார். நல்ல குரல் என்று கண்டு பாங்கின் சொற்களை முறையாகக் கற்பித்து, தலையை வருடி வாழ்த்தி, ஒரு சிறு வெள்ளி முடிப்பையும் கொடுத்தார். பின்னர் மக்காவில் பாங்கு சொல்லும் பொறுப்பு அபூ மஹ்தூராவுக்கே கிடைத்தது.

632: மக்காவில் ஓர் உரை

632-ஆம் ஆண்டு மதீனாவில் நபிகள் மறைந்தார். அச்செய்தி பரவியதும் அரேபியக் குலங்கள் பல விலகத் தொடங்கின. மக்கா மக்களும் தடுமாறினர். நிலைமைக்கு அஞ்சி ஆளுநர் அத்தாப் மறைந்துகொண்டார்.

அப்போது மக்கள் முன் எழுந்து பேசியவர் சுஹைல். நபியின் மறைவால் இஸ்லாம் வலுவிழக்காது, வலுப்பெறவே செய்யும் என்றார். குழப்பம் விளைவிப்பவரை வெட்டுவோம் என்று கடுமையாக எச்சரிக்கவும் செய்தார். மக்கள் அமைதியடைந்தனர், அத்தாப் வெளியே வந்தார், மக்கா பிரிந்து செல்லவில்லை. பத்ரில் உமரிடம் நபிகள் குறிப்பிட்ட இடம் இதுவே என்று இப்னு ஹிஷாம் தம் நூலில் எழுதுகிறார். எட்டு ஆண்டுகளுக்கு முன் பற்கள் பிடுங்கப்பட்டிருந்தால் அந்த உரை நிகழ்ந்திருக்காது.

இறுதிக் காலம்

உமர் கலீஃபாவாக இருந்தபோது அவரைக் காணக் குறைஷித் தலைவர்கள் சிலர் வாயிலில் காத்திருந்தனர். பிலால் போன்ற முன்னாள் அடிமைகள் முதலில் உள்ளே அழைக்கப்பட்டனர். அபூ சுஃப்யான் அதை அவமானமாகக் கருதினார். சுஹைலோ, அழைப்பு இரு சாராருக்கும் வந்தது, அவர்கள் விரைந்தார்கள், நாம் பிந்தினோம், கோபிக்க வேண்டுமானால் நம்மீதே கோபிக்க வேண்டும் என்று சொன்னார். பின்னர் குடும்பத்துடன் சிரியா சென்றார். 639-இல் பரவிய அம்வாஸ் கொள்ளைநோயில் அவர் இறந்தார் என்பது பெரும்பாலோர் கருத்து. மகன் அபூ ஜந்தலும் அதே நோயில் இறந்தார்.

மாறுபட்ட நிகழ்வுகளும் சட்டக் கருத்துகளும்

நபிகளின் காலத்து நிகழ்வுகள் அனைத்தும் மன்னிப்பில் முடிந்தவை அல்ல. பத்ருக்குப் பின் உக்பா, நள்ர் என்னும் இரு கைதிகள் கொல்லப்பட்டனர். மதீனாவில் குறைஷியரைப் போருக்குத் தூண்டிக் கவிதை பாடிய கஅப் இப்னு அஷ்ரஃப் கொல்லப்பட்டார். மக்கா வெற்றியின்போதும் சிலர் பொது மன்னிப்பிலிருந்து விலக்கப்பட்டனர். அவர்களிலும் இக்ரிமா, அப்துல்லாஹ் இப்னு ஸஅத் போன்றோர் பின்னர் மன்னிக்கப்பட்டனர். தண்டிக்கப்பட்டோரின் குற்றம் வெறும் வசையா, கொலை, துரோகம், போர்த்தூண்டல் ஆகியவற்றோடு சேர்ந்த வசையா என்பது அறிஞரிடையே நெடுங்காலம் விவாதிக்கப்பட்டுள்ளது.

பிற்காலச் சட்ட அறிஞர்களும் ஒரே முடிவுக்கு வரவில்லை. நபியை இழித்துரைப்பது மரண தண்டனைக்குரியது என்று மாலிக்கீ, ஹன்பலீ அறிஞர்கள் கருதினர். 1328-இல் மறைந்த இப்னு தைமிய்யா இதை வலியுறுத்தித் தனி நூலே எழுதினார். இஸ்லாமிய ஆட்சியில் வாழும் பிற மதத்தார் இழித்துரைத்தால் அதனாலேயே அவர்களுக்குரிய பாதுகாப்பு நீங்கிவிடாது என்று அபூ ஹனீஃபா கருதினார். அவர்கள் இஸ்லாத்தை ஏற்காமல் இருப்பது அதைவிடப் பெரிது, அதுவே பாதுகாப்புக்குத் தடையாகாதபோது வசை எப்படித் தடையாகும் என்பது அவருடைய வாதம். எனவே இக்கேள்வியில் முஸ்லிம் மரபு ஒற்றைக் குரலில் பேசியதில்லை.

மதிப்பீடு

சுஹைலின் வரலாற்றில் பொறுமை என்பது அவமதிப்பை உணராமல் இருந்ததோ, அதைச் சரியென்று ஏற்றதோ அன்று. தோழர்கள் புண்பட்டனர், உமர் குமுறினார், அலீயின் கை எழுத்தை அழிக்க மறுத்தது. அந்த மனவலியை எவரும் குறைகூறவில்லை. ஆனால் அந்த வலியிலிருந்து தண்டனை பிறக்க நபிகள் இடம் தரவில்லை. உடலைச் சிதைப்பதை மறுத்தார்; வாக்கை மீற மறுத்தார்; வெற்றி பெற்ற நாளில் முறைத்துப் பார்ப்பதையும் தடுத்தார்.

இவற்றுள் எதற்கும் உடனடிப் பலன் கிடைக்கவில்லை. பத்ரில் உயிரும் பற்களும் தப்பிய சுஹைல் நான்கு ஆண்டுகள் கழித்து ஹுதைபிய்யாவில் முன்னிலும் கடுமையாக நடந்துகொண்டார். ஆறு ஆண்டுகள் கழித்து மீண்டும் ஆள் திரட்டினார். மன்னித்தவுடன் மனிதர் மாறிவிடுவார் என்று இந்த வரலாறு சொல்லவில்லை. அவர் மாறுவதற்கான வாய்ப்பு ஒவ்வொரு முறையும் மிச்சம் வைக்கப்பட்டது என்பதையே அது காட்டுகிறது.